சைராகான் நேராக்கிய கோடு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பிஷ்கெக் நகரத்தில் என் வீட்டு அடுக்களையில் நான்கு பேர் இருந்தோம். கதவிலிருந்து தள்ளி, சுவரோரமாக இருக்கும் நல்ல இடத்தில் ஜிபார் சிஸ்டர். விருந்தாளிக்கு உரிய இடம் அது. அவர் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பிரிவின் நர்ஸ். அவருக்கு வலப்பக்கம் என் அக்கா சைராகான், இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, பஞ்சாயத்துக்கு வந்தவளைப்போல. கதவை ஒட்டி, கெட்டிலுக்குப் பக்கத்தில், என் அண்ணி கலிபா. மருமகள் உட்கார்ந்து தேநீர் ஊற்றும் இடம். உடம்பு சரியில்லாதவர், உள்ளே தள்ளி உட்காருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நாத்தனார் இருக்கும்போது அதெல்லாம் ஆகாது என்று தலையை மட்டும் ஆட்டினார். வீட்டில் நாற்காலி மூன்றுதான். நான் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய பத்திரிகையை வைத்து, அதன்மேல் கடிதத் தாளை விரித்திருந்தேன்.

தாளில் ‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்பதற்குமேல் ஒரு வரியும் ஏறவில்லை. நிலஅளவை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கிறவன் நான். எங்கள் குடும்பத்தில் கடிதம் என்றால் அது என் தலையில்தான் விழும். அன்றைக்கு என்ன எழுதுவது என்பது எனக்கு மட்டுமல்ல, அந்த அறையில் யாருக்குமே தெரியவில்லை.

அண்ணன் சோவெத்பெக் ஆடுகளோடும் குதிரைகளோடும் எங்கள் ஊரான அத்பாஷிக்கு மேலே, மலையில், கோடை மேய்ச்சலில் இருந்தார். அங்கே போன் எடுக்காது. பேச வேண்டுமென்றால் குதிரையேறி ஒரு மேட்டுக்குப் போக வேண்டும். அப்படிப் போன ஒரு நாளில் சைராகான் அக்காவின் அழைப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது. அக்காவுக்கு எதையும் பாதியாகச் சொல்ல வராது. “உன் பொண்டாட்டிய இங்க உயிரோட வறுக்கிறாங்கடா. தோலு உருளைக்கிழங்கு மாதிரி உரியுது” என்றிருக்கிறாள். பிறகு அண்ணன், அடுத்த வாரக் கடைசியில் லாரியோடு வருகிறேன், அவளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, “சாகறதா இருந்தாலும் முழுத் தோலோட சாகட்டும்” என்றாராம். அதோடு இணைப்பு போய்விட்டது.

லாரி வந்தால் வைத்தியம் பாதியில் நின்றுவிடும். நடுவில் நெடுநாள் நிறுத்தினால், உள்ளே மிச்சமிருக்கும் நோய்க்கு மூச்சுவிட இடம் கொடுத்ததாகிவிடும் என்று டாக்டரம்மா முதல் நாளே எங்களிடம் சொல்லியிருந்தார். அண்ணிக்கு வலது மார்பை எடுத்தாகிவிட்டது. அதற்குமேல் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு இந்தக் கதிர்வீச்சுதான். எங்கள் ஊரில் எல்லாரும் அதைக் கரண்ட் வைப்பது என்றே சொல்வார்கள்.

மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து திங்கள் மதியம் அத்பாஷிக்கு ஒரு வேன் போகும். டிரைவர் எங்களுக்குத் தெரிந்தவர். அவர் கையில் கடிதம் கொடுத்தால் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் மேய்ச்சலுக்கு ஏறிவிடும். அந்த வேனைத் தவறவிட்டால் கடிதத்துக்கு முன்னால் லாரி கிளம்பிவிடும்.

அண்ணன் ஒரு பக்கம் இப்படி. இன்னொரு பக்கம், வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவே அண்ணியைக் கரண்ட் வைக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். திங்களன்று பார்த்துவிட்டுத்தான் தொடர்வதா, சில வாரம் நிறுத்துவதா என்று சொல்வேன் என்றுவிட்டார்.

ஏன் திருப்பி அனுப்பினார் என்பதைச் சொல்ல, வால்கொழுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

வைத்தியம் தொடங்கிய நாளில் ஜிபார் சிஸ்டர் அண்ணிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, உள்ளங்கையால் மட்டும் கழுவ வேண்டும், துண்டால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. கொடுத்த களிம்பை வீட்டுக்கு வந்த பிறகு மெல்லிசாகப் பூச வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் பூசக் கூடாது. கம்பளி, இறுக்கமான உள்ளாடை, வெயில், பவுடர், புண்ணுக்குத் தடவும் பச்சை நிற மருந்து எதுவும் அந்தப் பக்கம் வரவே கூடாது. கதிர் எங்கே விழ வேண்டும் என்று மார்பில் மார்க்கரால் போட்டிருக்கும் கோடுகள் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணி அத்தனையும் ஒழுங்காகச் செய்தார். முதல் இரண்டு வாரம் தோல் வெயிலில் நடந்தவர் கன்னம்போலச் சிவந்ததே தவிர வேறொன்றுமில்லை.

பிறகுதான் அக்கா ஊரிலிருந்து வந்து இறங்கினாள், கையில் ஒரு கண்ணாடி ஜாடியோடு.

கலிபாவின் உயிருக்காக ஊரில் ஒரு ஆடு வெட்டியிருந்தார்கள். தெருவே கூடிச் சாப்பிட்டுவிட்டுக் கையேந்தி வேண்டியிருக்கிறது. அந்த ஆட்டின் வால்கொழுப்பை உருக்கி ஜாடியில் எடுத்து வந்திருந்தாள் அக்கா. எங்கள் பக்கத்தில் நெஞ்சுச் சளிக்கு அதுதான். பனி கடித்த விரலுக்கும் அதுதான், குழந்தையின் காதுவலிக்கும், குதிரையின் முதுகில் சேணம் உரசிய புண்ணுக்கும் அதுதான். அதை வேண்டாம் என்று சொல்வது, தனக்காக ஏந்திய கைகளைத் தட்டிவிடுவதுபோல. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கொழுப்பைச் சூடாக்கி, கம்பளி உருட்டிப் பழகிய உள்ளங்கைகளால் அழுத்தித் தேய்த்தாள். மேலே ஒட்டக ரோமச் சால்வையைச் சுற்றிக் கட்டினாள். காலையும் தேய்த்தாள், மாலையும் தேய்த்தாள்.

சிவப்பு கறுப்பானது. அரிப்பு வந்தது. அக்குள் மடிப்பில் தோல் உரிந்து, கசியத் தொடங்கியது. கொழுப்பில் கோடுகளும் கரைந்து போயின.

கோடு காணாமல் போனதைப் பார்த்ததும் அக்கா பயந்துவிட்டாள். ஆனால் பயந்து உட்காரும் ஜாதி இல்லை அவள். என் மேசை இழுப்பறையிலிருந்து, ஈரம் பட்டால் மைபோல எழுதும் காப்பியிங் பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, அந்தக் கோடுகளைத் தானே வரைந்துவிட்டாள்.

சைராகான் அக்கா யார் என்று தெரிந்தால்தான் இது எப்படி நடந்தது என்பது புரியும். எங்கள் பக்கத்து ஷிர்டாக் கம்பளங்களுக்குப் பூவும் கொம்பும் வரைவதில் அவளுக்குச் சமமாக ஒருவரும் இல்லை. இரண்டு நிறக் கம்பளியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒரே வெட்டில் இரண்டையும் வெட்டுவார்கள். ஒன்றில் விழுந்த பள்ளம் மற்றதில் மேடாகப் பொருந்த வேண்டும். அடுத்த ஊர்களிலிருந்து பெண்கள் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் வாசலில் காத்திருப்பார்கள். அளவுகோல் கிடையாது. காய்ந்த சோப்புத் துண்டால் ஒரே இழுப்பு. இடது எப்படியோ வலதும் அப்படியே. ஒரு நூல் பிசகியிருந்தாலும் அவள் கண் அதிலேயே போய் நிற்கும்.

அப்படிப்பட்டவள் நினைவிலிருந்தே அண்ணியின் மார்புக் கோடுகளை வரைந்தாள். ஏறத்தாழ எல்லாம் மயிரிழை பிசகாமல் இருந்தன. ஒன்றைத் தவிர. நெஞ்சின் நடுவிலிருந்து ஒரு கோடு சாய்வாக இறங்கும். டாக்டரம்மா அவசரத்தில் கோணலாகப் போட்டுவிட்டார் என்று முடிவு செய்து, அக்கா அதை நேராக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அண்ணியைக் கட்டிலில் படுக்க வைத்து, சுவரிலிருந்து வரும் வெளிச்சக் கோட்டை மேலே விழவிட்டபோது அது பொருந்தவில்லை. நல்லவேளை, இயந்திரத்தைப் போடுவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். ஜிபார் சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, ஆடு வெட்டினது யார் வீட்டில் என்று கேட்டாராம். அண்ணிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டதாம். டாக்டரம்மா வந்தார், பழைய அளவுகளைப் பார்த்துக் கோட்டை மறுபடி போட்டார். ஆனால் கசியும் அக்குளில் கொழுப்பும் அதில் ஒட்டிய ரோமத் தூசியும் இருந்ததைப் பார்த்து முகம் மாறிவிட்டார். இரண்டு நாள் சுத்தமாக வைத்திருங்கள், திங்களன்று சீழ் கட்டியிருந்தால் ஆறும்வரை நிறுத்த வேண்டியதுதான் என்றார். வெளியே நடையில் காத்திருந்த அக்காவிடம் ஜிபார் சிஸ்டர் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் தேநீர் குடிக்க வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

சோதனை போட வருகிறாள் என்று அக்கா இரண்டு நாளும் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் சோதனை ஒன்றும் போடவில்லை. உட்கார்ந்தார், ரொட்டியைப் பிட்டார், தேநீர் குடித்தார். எங்கள் வழக்கப்படி அண்ணி கிண்ணத்தைப் பாதிதான் நிரப்புவார். நிரப்பி ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். சிஸ்டர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். அண்ணி ஊற்றினார். மறுபடி நீட்டினார். நல்ல தாகம்போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் கிண்ணத்தையே பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவர் பார்வை அண்ணியின் வலது முழங்கையில் இருந்தது. கெட்டிலைத் தூக்கும்போது முழங்கை வெளியே போகும். சாய்க்கும்போது உடம்போடு ஒட்டும். ஒட்டும் நொடியில் அண்ணியின் கீழுதடு உள்ளே மடியும்.

சிஸ்டர் கிண்ணத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். போதும் என்று அர்த்தம். பிறகு, இந்த வீட்டுக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். ஊரிலிருந்து பிஷ்கெக்குக்கு வந்து குடியேறிய உறவுக்காரர்கள் அத்தனை பேரும் நலம் விசாரிக்க வந்துகொண்டிருக்கிறார்கள் என்று அக்கா கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றுவது யார் என்று அடுத்த கேள்வி.

“இதென்ன கேள்வி சிஸ்டரம்மா? வீட்டு மருமக ஊத்தாம, மேல் வீட்டுக்காரியா வந்து ஊத்துவா?”

“அதான் பார்த்துக்கிட்டிருந்தேன்மா. மடிப்புல தோலும் தோலும் உரசுது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு உரசல். இந்த அக்குளைக் கெடுத்தது கரண்ட்டு பாதின்னா கெட்டிலு பாதி.”

அக்காவின் முகம் சிவந்தது. கெட்டிலைச் சொன்னவள் அடுத்து ஜாடியைச் சொல்லத்தான் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். தானே முந்திக்கொண்டாள்.

“என் கொழுப்பு விஷம்னு சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தே? சொல்லிட்டுப் போ.”

சிஸ்டர் அவசரப்படவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“எங்கம்மாவும் இதைத்தான் எனக்கு இங்க தேய்ப்பாங்க. ரெண்டு நாள்ல இருமல் நின்னுடும். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா இவங்களுக்கு வந்திருக்கிறது இருமல் இல்லம்மா, அடுப்புல சுட்டுக்கிட்டதும் இல்ல. புதுத் தோலு முளைச்சு வர்ற அடிமண்ணுலயே கரண்ட்டு அடிச்சிருக்கு. மேல இருக்கிறது போனா, கீழேயிருந்து வர்றதுக்கு நாளாகும். அதுவரைக்கும் இருக்கிறதைக் காப்பாத்தணும். கொழுப்பை அப்பினா தூசி ஒட்டும், ரோமம் ஒட்டும், துடைக்கிறதுக்குத் தேய்க்கணும். தேய்ச்சா இருக்கிறதும் போயிடும். அவ்வளவுதான் விஷயம்.”

அக்கா மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். கோட்டையும் நான்தான் கெடுத்தேன் என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிடு என்றாள்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். “உங்க கோடு எங்க டாக்டரம்மா கோட்டைவிட நேரும்மா. வம்பே அதுலதான். உடம்பு நேரா இல்லையே. அந்தக் கோணலுக்குப் பின்னாடி நுரையீரல் இருக்கு. அதுமேல கரண்ட்டு படாம இருக்கத்தான் அவங்க கணக்குப் பண்ணிச் சாய்ச்சுப் போட்டிருக்காங்க.”

அதுவரை வாயைத் திறக்காத அண்ணி, கெட்டிலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “இடது பக்கமும் அதே மாதிரி ஒண்ணு போடறேன்னாங்க, சிஸ்டர். அப்பத்தான் பார்க்க ஜோடியா இருக்குமாம். அந்தப் பக்கம் நோய் இல்லக்கான்னு கெஞ்சித் தப்பிச்சேன்.”

நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு சிஸ்டர். கடைசியில் அக்காவுக்கும் உதடு துடித்துவிட்டது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவள் கண்ணைச் சுருக்கி அண்ணியைப் பார்த்தாள்.

“அரிச்சுதா அப்பவே?”

“அரிச்சுது.”

“எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது. எனக்காக வெட்டின ஆடு அக்கா அது. எரியுதுன்னு எப்படிச் சொல்றது?”

“வாயில நாக்கு இல்லையாடி உனக்கு?”

“இருந்துது. நீங்க தேய்க்கிறப்ப அதைத்தான் கடிச்சுக்கிட்டிருந்தேன்.”

அண்ணி எங்கள் குடும்பத்துக்கு வாழ வந்த நாளிலிருந்து நாத்தனாரிடம் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா எழுந்தாள். ஏதோ நடக்கப்போகிறது என்று நானும் கட்டையிலிருந்து பாதி எழுந்தேன். அவள் மேசையைச் சுற்றிக் கதவுப் பக்கம் போய், அண்ணியின் இடது தோளில் ஒரு தட்டுத் தட்டி, அங்கே போய் உட்கார் என்று தான் இருந்த நாற்காலியைக் காட்டினாள். அண்ணி மறுக்கப் பார்த்தார். அக்கா நகரவில்லை. அண்ணி போய் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்ததும், அக்கா மருமகளின் இடத்தில் உட்கார்ந்து, கெட்டிலைத் தூக்கி, ஒரு கிண்ணத்தைப் பாதி நிரப்பி, கலிபாவுக்கு நீட்டினாள்.

கணவனின் மூத்த அக்கா, வீட்டு மருமகளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து நான் அதற்குமுன் எங்கும் பார்த்ததில்லை. இங்கே வீடு வீடாகச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அண்ணி கிண்ணத்தை இடது கையால் வாங்கினார். வலது கையை இடுப்பில் ஊன்றி, அக்குளுக்குக் காற்றுப் போகும்படி வைத்திருந்தார். அதுவும் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான்.

“இனிமே எவன் வந்தாலும் நான்தான் ஊத்துவேன்” என்றாள் அக்கா. “வாய் இருக்கிறவன் கேட்டுப் பார்க்கட்டும்.”

பிறகு ஜாடி விஷயம். இவ்வளவு பேர் வேண்டிக்கொண்ட கொழுப்பைச் சாக்கடையில் ஊற்ற முடியாது, ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது, நான் என்ன செய்ய என்று அக்கா கேட்டாள். இதற்கு ஜிபார் சிஸ்டர் யோசிக்கவே இல்லை. ஆடு யாருக்காக வெட்டியது, கலிபாவுக்காகத்தானே, அப்படியென்றால் கலிபாவுக்குள்ளேயே போகட்டும், சூப்பில் ஒரு கரண்டி போடுங்கள் என்றார். வைத்தியத்தில் எடை குறைந்துகொண்டே போகிறது. தோல் முளைக்க வேண்டுமானால் உடம்பில் தெம்பு வேண்டும். இறைச்சி, முட்டை, தயிர் எல்லாம் ஒழுங்காகக் கொடுங்கள் என்றும் சொன்னார். அக்கா கொஞ்ச நேரம் இதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். வழக்கத்துக்கும் பழுதில்லை, நோய்க்கும் பழுதில்லை. தலையை ஆட்டிவிட்டாள். ஒரு மனுஷியின் மானத்தில் கீறல் விழாமல் அவள் கையிலிருந்து ஜாடியை வாங்கிவிட்ட அந்த நர்ஸை நான் ஜன்னல் கட்டையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று பேரும் உள்ளறைக்குப் போனார்கள். நான் போகவில்லை. அங்கே நடந்ததை அக்கா பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். சிஸ்டர் முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துத்தான் தண்ணீரை எடுத்தாராம். உள்ளங்கையில் சோப்பை நுரைத்து, அந்த நுரையை மட்டும் தோல்மேல் இறக்கி, தண்ணீரை மேலிருந்து வழியவிட்டாராம். புதிதாகப் போட்ட கோட்டின் பக்கம் ஒரு சொட்டுக்கூட அதிகம் போகவில்லையாம். தோலில் இன்னும் அப்பியிருந்த மிச்சக் கொழுப்பும் ரோமமும் தானாகக் கழன்று மிதந்ததாம். உப்புநீரில் நனைத்த துணியைக் கசியும் இடத்தில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, பிறகு ஒட்டாத பஞ்சு அட்டை ஒன்றை வைத்து, பசைப் பட்டையைச் சிவந்த தோல்மேல் படாமல் தள்ளி நல்ல தோலில் ஒட்டினாராம்.

“சுடுதண்ணி ஊத்திக் கம்பளிய உருட்டறவ நான்” என்பாள் அக்கா. “தேய்க்காமக் கழுவ முடியும்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். பாலாடை எடுக்கிற மாதிரி கை அது.”

கலிபா ஒரு தடவைகூட நாக்கைக் கடிக்கவில்லை என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொள்வாள்.

வெளியே வந்தவுடன் அக்கா, அண்ணிக்கு ஒரு சட்டை தைக்க, வீட்டில் இருப்பதிலேயே பழைய, மெல்லிய பருத்தித் துணியைக் கேட்டாள். துவைத்துத் துவைத்து நைந்துபோன என் படுக்கை விரிப்பைக் கொடுத்தேன். மேசைமேல் விரித்து, சோப்புத் துண்டை எடுத்தாள். எந்த இடத்தில் தையல் வரக் கூடாது என்று சிஸ்டரைக் கேட்டாள். அக்குளில் வேண்டாம், பக்கவாட்டில் வேண்டாம், கழுத்து அகலமாக இருக்கட்டும் என்றார் சிஸ்டர். அக்கா துணியை வழக்கம்போல இரண்டாக மடிக்கப் போனாள். கை பாதியில் நின்றது. மடிப்பைப் பிரித்துவிட்டு, இடது பக்கத்தைச் சாதாரணமாகவும், வலது பக்கத்தைப் பறவைச் சிறகு மாதிரி அகலமாகவும் தனித்தனியாக வரைந்தாள். வலதுபுறத் தையலை முதுகுக்குத் தள்ளி, ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்துத் தைத்தாள், உள்ளே ஒரு முடிச்சுகூடத் தோலில் படாதபடி.

சிஸ்டர் அந்தச் சட்டையின் உள்பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்துத் தடவிப் பார்த்தார். “இதுல இன்னும் ரெண்டு தைச்சுக் குடுங்கம்மா” என்றார். “எங்க வார்டுல இன்னொருத்தங்க இருக்காங்க, அவங்களுக்கு இடது பக்கம்.”

“துணி குடு, தைக்கிறேன்” என்றாள் அக்கா. அந்த வீட்டில் அன்று சிஸ்டரம்மா என்ற கிண்டல் அதோடு நின்றது. பிறகு அவள் அவரை ‘எங்க ஜிபார்’ என்றுதான் சொல்வாள்.

திங்கள் காலை நான் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். அக்காவும் நானும் நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கைப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் வெகு நேரம் ஆனதுபோலிருந்தது. கடைசியில் கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். புண் சுத்தமாக இருக்கிறது, சீழ் இல்லை, கசிவது ஒரு சின்ன இடம்தான் என்றார். வெளிச்சக் கோடு சாய்ந்த கோட்டின்மேல் சரியாக உட்கார்ந்துவிட்டது, கரண்ட் வைத்தாகிவிட்டது, நிறுத்தப் போவதில்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் என்றார். தோல் இனியும் கொஞ்சம் மோசமாகும். வைத்தியம் முடிந்த பிறகும் ஓரிரு வாரம் சிவப்பு ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து வீட்டு மருந்து எதையும் தொடக் கூடாது. ஜிபார் தினமும் பார்ப்பார்.

வீட்டு மருந்து என்ற இடத்தில் அக்கா தலையைக் குனிந்தாள். டாக்டரம்மா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சட்டை யார் தைத்தது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வேன் கிளம்ப அதிக நேரமில்லை. பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் எழுத முடியாது, இங்கேயே எழுதிவிடலாம் என்று தாளை எடுத்தேன். அண்ணி உடை மாற்றிக்கொண்டு வந்து எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, தோல் பளபளவென்று ஆகிவிட்டது, கவலைப்படாதே என்று எழுது என்றாள். தோல் இன்னும் உரியும் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அவன் அந்த நிமிஷமே லாரியைக் கிளப்பிவிடுவான். தம்பியை அவளுக்குத் தெரியாதா.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பேனாவைத் திறந்தேன்.

“வேண்டாம் தம்பி” என்றார் அண்ணி. “உள்ளதை எழுதுங்க.”

“உள்ளதை எழுதினா வந்துடுவான்டி.”

“பொய்யை எழுதினா அடுத்த தடவை அவரு மேட்டுல ஏறி யாருகிட்டயாவது போன்ல கேட்டுட்டு வந்துடுவாரு, அக்கா. அப்ப நான் சொன்னாலும் நம்ப மாட்டாரு.” அவர் என் பக்கம் திரும்பினார். “நான் சொல்றதை அப்படியே எழுதுங்க. தோலு உரியுது. இன்னும் உரியும். கசியுது. பார்த்தாப் பயமாத்தான் இருக்கும். ஆனா தோலு திரும்ப வரும். பாதியில விட்டா நான் திரும்ப வர மாட்டேன். முடிச்சுட்டு நானே பஸ் ஏறி வரேன். நீங்க வரவேண்டாம்.”

‘வரவேண்டாம்’ என்று எழுதும்போது என் கை தயங்கியது. எங்கள் வீட்டுப் பெண்கள் கணவனுக்கு அப்படி எழுதுவதில்லை. முடிந்தால் வரவேண்டாம் என்று போடலாமா, வேலை அதிகமிருந்தால் என்று சேர்க்கலாமா என்று மெல்லக் கேட்டேன்.

“வரவேண்டாம். அவ்வளவுதான்” என்றார் அண்ணி.

எழுதினேன்.

பிறகு அக்கா தன் பங்குக்கும் இரண்டு வரி எழுதச் சொன்னாள்.

“வறுக்கிறாங்கன்னு சொன்னது நான். தோலைக் கெடுத்ததுல பாதி என் கை. அதையும் எழுது, அவன் என்னைத் திட்டிக்கட்டும். இவ பக்கத்துல நான் இருக்கேன்னு எழுது.” தாளை விரலால் தட்டினாள். “லாரியக் கிளப்பினான்னா டயரு நாலும் இருக்காதுன்னு எழுது.”

அதையும் எழுதினேன். அண்ணி கீழே இடது கையால் தன் பெயரை எழுதினார். வலது கையை அசைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. அக்கா கையெழுத்துப் போடவில்லை. எழுதியதைப் பார்த்தாலே யார் சொன்னது என்று அவனுக்குத் தெரியும் என்றாள்.

அவர்கள் இருவரையும் வீட்டுக்கு டாக்சி ஏற்றிவிட்டு, நான் மேற்குப் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். வேனில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் ஒரு மாவு மூட்டையும் பெரிய கண்ணாடி ஒன்றும் கட்டியாகிவிட்டது. தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டு, பசையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, வழியில் பிரியாமலிருக்க மேலே ஒரு பட்டை டேப்பும் ஒட்டினேன். சோவெத்பெக், மேல் மேய்ச்சல், கையில் மட்டும் கொடுக்கவும் என்று எழுதினேன். டிரைவர் வாங்கி எடை பார்ப்பதுபோலக் கையில் ஒருமுறை ஆட்டிவிட்டு, வெயில் மறைக்கும் தட்டிக்குப் பின்னால் செருகினார். நாளைக்குள் மேலே போய்ச் சேருமா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் விடிந்ததும் குதிரையேறுகிறான், அவன் கையில் கொடுக்காமல் நான் தூங்க மாட்டேன் என்றார்.

கதவை இழுத்துச் சாத்தினார். வேன் பின்வாங்கி, திரும்பி, சாலையில் ஏறிப் போனது.